பள்ளத்தாக்கில் இறங்கிய இரண்டு பேர்

அப்பன்,

நீ ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நீ இப்போது இருக்கிற குஸ்கோவின் விமான நிலையத்தில் என் பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்துவிட்டு, "அம்மா, ஒண்டும் சொல்லாமல் போறியளே?" என்று கேட்டாய். நான், "ஜெர்மனிக்கு, ஹம் வீட்டுக்குப் போய்ச் சொல்லுறன்" என்றேன். வந்து கிழமைகள் ஆகிவிட்டன. நீயும் தொலைபேசி எடுக்கிறாய், அப்பாவின் மருந்தை விசாரிக்கிறாய், இங்கே மழையா என்று கேட்கிறாய், அந்தக் கேள்வியை மட்டும் சுற்றிக்கொண்டு போகிறாய். தொலைபேசியில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. பாதியில் நீ, "ஓம் அம்மா, விளங்குது" என்பாய், நான் அத்தோடு நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். இதை ஒரே மூச்சில் வாசிக்காதே. தேத்தண்ணி ஒன்று ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்.

மரிசோலைக் கலியாணம் செய்து, அந்த மலைகளுக்கு நடுவிலேயே வீடு எடுத்து இருக்கப்போகிறாய். அதற்கு எனக்குச் சம்மதமா என்பதுதான் உன் கேள்வி. "உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் நான் செய்யமாட்டன்" என்றாய் பார், அதுதான் எனக்குப் பெரிய தொல்லை. நீ சண்டை பிடித்திருந்தால் நானும் கத்தி, அழுது, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் ஒத்துக்கொண்டிருப்பேன். எங்கள் சனம் கலியாணத்துக்கு ஒத்துக்கொள்கிற முறையே அதுதான். நீயோ எல்லாவற்றையும் என் மடியில் வைத்துவிட்டுப் பேசாமல் நிற்கிறாய். பிள்ளையை இவ்வளவு மரியாதையாக வளர்த்தது என் பிழைதான்.

உண்மையைச் சொன்னால், நான் அங்கே வந்தது உன்னைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வரத்தான். கெல்சென்கிர்ச்சனில் ஒரு வீட்டாரிடம், "கொஞ்சம் பொறுங்கோ, நான் போட்டு வந்து சொல்லுறன்" என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். உனக்கென்று பார்த்த அவர்கள் மகளின் படம் என் தொலைபேசியில் இருந்தது. கோபிக்காதே. மரிசோல் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஹனோவரில் நீங்கள் இரண்டு பேரும் படித்த காலத்தில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, இடியப்பத்தைக் கையால் பிசைந்து சாப்பிட்ட அன்றே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. என் பயம் வேறு. முப்பது வருசத்துக்கு மேலாக இந்த நாட்டில் நான் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எங்கிருந்து வந்தேன், ஏன் வந்தேன், வருசப் பிறப்பில் வெடிச் சத்தம் கேட்டால் ஏன் யன்னல் பக்கம் போகமாட்டேன், எல்லாவற்றுக்கும் விளக்கம். வேலை செய்த முதியோர் இல்லத்தில் சொன்னேன், அலுவலகங்களில் சொன்னேன், உன் ஆசிரியர்மாருக்குச் சொன்னேன். எனக்கு வரும் சம்பந்திக்காவது ஒன்றையும் விளக்கத் தேவையில்லாமல் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உன் கலியாணத்தில் எனக்கென்று நான் கேட்க இருந்தது அவ்வளவுதான்.

அந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நீயும் கூட இருந்தாய், ஆனால் நீ முன் இருக்கையில் மரிசோலுக்குப் பக்கத்தில் இருந்தாய். பின் இருக்கையிலிருந்து பார்த்தால் அது வேறு நாள்.

காலையில் நீ, மலை உயரத்துக்கு நல்லது என்று, கோக்கா இலை போட்ட தண்ணீரைக் கொண்டுவந்து தந்தாய். உயரம் என் தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருந்தது. கால் நிலத்தில் படுகிறது, ஆனால் நான் நடக்கிறேன் என்ற நினைப்பு இல்லை. அன்று முழுக்க நான் விழித்திருந்தேனா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம். சுற்றுலா வேன் வந்து நின்றது. சாரதி, பிரான்சிலிருந்து வந்த ஒரு வயதான சோடி, நீங்கள் இரண்டு பேர், பிறகு நானும் மரிசோலின் தாய் பவுலாவும். உருபாம்பா சந்தையில் சோளம் விற்கிற அந்த மனிசி, சம்பந்தம் பேசப் போகிறவள் மாதிரித் தலையை வாரிப் பின்னி, தொப்பி வைத்து, முதுகில் ஒரு நிறச் சீலையில் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நான் சேலையா காற்சட்டையா என்று ஒரு மணித்தியாலம் யோசித்துக் கடைசியில் குளிருக்குப் பயந்து காற்சட்டை போட்டிருந்தேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்துக்கொண்டோம். பெண் பார்க்கிற கண் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

ஊர் கீழே போய்விட்டது. மேலே ஒரு வெளி திறந்தது. உருளைக்கிழங்குத் தோட்டங்கள், மண் செம்மையாகவும் சில இடத்தில் ஊதாவாகவும் இருந்தது, அதற்கு அப்பால் பனி மூடிய மலைகள் வரிசையாக நின்றன. வெயிலில் கண் கூசியது, நிழலில் கை விறைத்தது. வீடுகளின் கூரை உச்சியில் மண்ணால் செய்த இரண்டு காளைகளும் நடுவில் ஒரு சிலுவையும். நந்தியையும் சிலுவையையும் ஒரே கூரையில் ஏற்றிவிட்டு இவர்கள் நிம்மதியாக இருக்கிறார்களே என்று நினைத்தேன். ஒரு பெண் ஆட்டுக்குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு வீதியோரமாக நடந்தாள். வேன் அவளைக் கடந்தது, வளைவு திரும்பியது, மறுபடியும் அதே மாதிரி ஒரு பெண், ஒரு ஆட்டுக்குட்டி. அது வேறு பெண்ணா அவளேதானா என்று உன்னிடம் கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன். தெரியாமல் இருப்பது நன்றாக இருந்தது.

நீ ஐந்து நிமிசத்துக்கு ஒரு முறை திரும்பிப் பார்த்து, "அம்மா, அவ கேக்கிறா குளிருதோ எண்டு", "அம்மா, அவ சொல்லுறா அது கிழங்கு காயவைக்கிற இடமாம்" என்று மொழிபெயர்த்துக்கொண்டே வந்தாய். பாவம், கழுத்து வலித்திருக்கும். ஒன்று சொல்கிறேன், கலியாணத்துக்குப் பிறகும் உதவும்: எல்லாவற்றையும் மொழிபெயர்க்காதே. நீ முன்னால் திரும்பிய நேரத்தில் அவள் சட்டைப் பையிலிருந்து நாலு கோக்கா இலையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். தான் இரண்டை வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக் காட்டினாள். நானும் ஒதுக்கினேன். கசந்தது. முகத்தைச் சுளித்தேன். தொப்பி ஆடும்படி சிரித்தாள். இதற்கு நீ என்ன மொழிபெயர்ப்பாய்?

பிறகு மராஸ். வேன் ஒரு மலை மடிப்பைச் சுற்றியது, திடீரென்று கீழே முழுக்க வெள்ளை. மலைச்சரிவில் பாத்தி பாத்தியாக ஆயிரக்கணக்கில் உப்புக் குளங்கள், சிலது வெள்ளை, சிலது பழுப்பு, சிலது இளஞ்சிவப்பு. மலைக்குள்ளிருந்து வருகிற ஒரு உவர்நீர் ஊற்று வாய்க்கால் வழியே ஒவ்வொரு பாத்தியாக இறங்கி நிரம்புகிறது. கடலே இல்லாத உயரத்தில் உப்பு. மரிசோல் ஜெர்மன் மொழியில் எனக்கு அழகாக விளங்கப்படுத்தினாள். நீ படம் எடுத்தாய். "அம்மா, இஞ்சால திரும்புங்கோ, சிரியுங்கோ" என்றாய். நான் சிரிக்கவில்லை என்று உனக்கு மனம் சுருங்கியிருக்கும். இடம் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்திருப்பாய்.

இடம் பிடித்தது, அப்பன். அந்த மணம்தான் என்னை அமத்தியது. வெயிலில் காய்கிற உப்பின் மணம் எனக்கு ஒரே ஒரு இடத்தில்தான் பழக்கம். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே போகிற பஸ் ஆனையிறவைத் தாண்டித்தான் போக வேண்டும். இரண்டு பக்கமும் உப்பளம், நடுவில் ஆமியின் சோதனைத் தடை. அங்கே பஸ் நிற்கும், எல்லோரும் இறங்க வேண்டும். அடையாள அட்டையை வலது கையில் பிடித்து, பையை இடது கையில் வாய் திறந்து பிடித்து, வரிசையில் நடக்க வேண்டும். வெறும் பஸ் முன்னால் போய் அந்தக் கரையில் நிற்கும், அல்லது நாங்கள் முன்னால் போய் பஸ்ஸுக்காக நிற்போம். எவரை ஏற விட்டார்கள், எவரை மறித்து வைத்தார்கள் என்பதை மறுபடி ஏறி இருக்கைகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். இதை நான் உனக்குச் சொன்னதே இல்லை. ஒளிக்க வேண்டும் என்று ஒளிக்கவில்லை. நீ காற்பந்துச் சப்பாத்து வேண்டும் என்று அழுகிற பிள்ளையாக இருந்தாய், அது எனக்குப் போதுமாக இருந்தது.

மராஸிலிருந்து வேன் வளைந்து வளைந்து பள்ளத்தாக்குக்கு இறங்கியது. காற்று கனத்தது, காது திறந்தது, பச்சை வந்தது. மத்தியானம் பெரிய பெரிய மணி வைத்த அவித்த சோளமும் வெள்ளைப் பாற்கட்டியும் சாப்பிட்டோம். பவுலா தன் பங்குச் சோளத்தில் பாதியை முறித்து, கேட்காமலே என் தட்டில் வைத்தாள். பிறகு ஆற்றங்கரை வீதி. ஆறு ஒரு பக்கம், யூக்கலிப்டஸ் மரங்கள் மறுபக்கம், மலையைப் படி படியாக வெட்டிய பழைய வயல்கள் மேலே மேலே போய் மேகத்துக்குள் மறைந்தன. மரங்களின் நிழல் ஒவ்வொன்றாக என் மடியில் விழுந்து விழுந்து போனது. பவுலாவின் தோள் என் தோளில் சாய்ந்திருந்தது. அவள் உறங்குகிறாளா நான் உறங்குகிறேனா தெரியவில்லை. உப்பு மணம் இன்னும் என் உடுப்பில் இருந்தது.

அப்போது வேன் நின்றது.

சாரதி எஞ்சினை நிறுத்திவிட்டான். கண்ணைத் திறந்தேன். வீதியில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே நின்றது, பக்கத்தில் சீருடையில் இரண்டு பேர், ஒருவன் கையை உயர்த்திக்கொண்டிருந்தான். சாரதி மேலே செருகியிருந்த பத்திரத்தை எடுத்தான். நான் யோசித்ததாக ஞாபகம் இல்லை. இருக்கைப் பட்டியைக் கழற்றினேன், கதவை இழுத்தேன், இறங்கினேன். வலது கையில் பாஸ்போட், இடது கையில் கைப்பை, வாய் திறந்தபடி. வீதியோரமாகப் போய், முன்னால் யாரும் இல்லாத ஒரு வரிசையில், முதல் ஆளாக நின்றேன்.

உன் குரல் கேட்டது. "அம்மா! என்ன செய்யிறியள்? அவங்கள் டிரைவரின்ர பேப்பரைத்தான் பாக்கிறாங்கள். ஏறுங்கோ!" பிரெஞ்சுக்காரர் எனக்கு வயிறு சரியில்லை என்று நினைத்து, மறைவான ஒரு பற்றையைக் கையால் காட்டினார். வெட்கம் அப்போதுதான் வந்தது. அறுபது வயதைத் தாண்டிய மனிசி, ஜெர்மன் பாஸ்போட், சுற்றுலா வந்த இடம், இப்படி நிற்கிறேனே என்று திரும்ப நினைத்தேன். அந்த நேரம் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

பவுலா எனக்குப் பின்னால் வந்து நின்றாள். சட்டைக்குள்ளிருந்து எடுத்த அடையாள அட்டை வலது கையில் இருந்தது. முதுகு மூட்டையை அவிழ்த்து, உள்ளே இருப்பது தெரியும்படி இடது கையில் விரித்துப் பிடித்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேரே முன்னால், என் பிடரியைப் பார்த்தபடி நின்றாள். வரிசையில் அப்படித்தான் நிற்க வேண்டும்.

அந்தப் பொலிஸ்காரப் பிள்ளைக்கு உன்னை விட வயது குறைவு. அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீட்டிய பாஸ்போட்டை மரியாதைக்கு வாங்கினான், விரித்தான், ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு இரண்டு கையாலும் திருப்பித் தந்தான். பவுலாவின் அட்டையை வாங்கியபோது சிரிக்கவில்லை. அட்டையையும் அவள் முகத்தையும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் எதையோ கேட்டான். அவள் ஓம் என்று தலையை ஆட்டினாள். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு அட்டையைக் கொடுத்தான்.

பிறகு நாங்கள் வேனுக்குத் திரும்பி வரவில்லை என்று நீ கத்தினாய். வர முடியாது, அப்பன். சோதனை முடிந்தால் முன்னால்தான் நடக்க வேண்டும். யாரும் சொல்லாமலே இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளைத் தாண்டி, வீதி நேராகிற இடம்வரை நடந்து போய், வேன் வரும்வரை ஒரு மரத்தின் கீழ் நின்றோம். ஆறு பக்கத்தில் இரைந்துகொண்டிருந்தது. அவள் என் கையைப் பார்த்தாள். என் கைப்பை இன்னும் வாய் திறந்தபடி இருந்தது. அவள் அதன் சிப்பை மெதுவாக இழுத்து மூடினாள். நான் அவளுடைய சீலையின் நாலு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டேன். உள்ளே எங்களுக்கென்று கொண்டுவந்த சோளமும் ஒரு கம்பளிச் சால்வையும் இருந்தன. பிறகு எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேன் வந்தபோது நாங்கள் மரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்ததைத்தான் நீங்கள் கண்டீர்கள்.

வேனில் நீ மெல்லிய குரலில், "அம்மா, பயந்துபோனியளோ?" என்றாய். "இல்லையடா, பழக்கம்" என்றேன். அதற்குப் பிறகு நீ அன்று முழுவதும் எதையும் மொழிபெயர்க்கவில்லை.

பெயரைச் சொல்ல என் நாக்குக்கு இன்னும் ஏலாத அந்தக் கல் ஊரில், பின்னேர வெயில் சுவரெல்லாம் மஞ்சளாக விழுந்திருந்தபோது, நீ தண்ணீர் வாங்கப் போனாய். ஒழுங்கைக்கு நடுவே வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. மரிசோல் என் பக்கத்தில் வந்திருந்து சொன்னாள்: "என் அம்மா மலைக்கு அந்தப் பக்கம், வேறு மாகாணத்தில் பிறந்தவர், அவர் அட்டையிலும் அந்த ஊர்தான் இருக்கிறது. சின்ன வயதில் இங்கே வந்துவிட்டார். அங்கே ஒரு காலம் ராணுவம் நின்றதாக நான் புத்தகத்தில்தான் படித்தேன். கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். இன்றைக்கு அவர் இறங்கியதை நான் முதல் முறையாகப் பார்த்தேன். வாகனத்தை மறித்தால் எப்போதும் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். நான் தூக்கம் என்றுதான் நினைத்தேன்." அவளை அணைத்துக்கொண்டேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பவுலா ஒரு கல்லில் இருந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தாள். யாரும் இறங்காத இடத்தில் நான் இறங்கியதால் அவளும் இறங்கினாள். எத்தனை வருசம் அந்த இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்திருப்பாள்!

வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு இதைச் சொன்னேன். உனக்குத் தெரியுமே, நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து அவர் எதற்கும் அசைவதில்லை. "அந்த உயரத்துக்கு என்னைக் கொல்லவோ கூப்பிடுறான்?" என்று உன் கலியாணப் பேச்சையே எடுக்கவிடாமல் இருந்த மனுசன். கதையைக் கேட்டுத் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பையைத் திறந்து பிடிச்சனீரோ?"

"ஓம்."

"அவவும் மூட்டையை அவிட்டவவோ?"

"ஓம் எண்டுறன்."

"அப்ப அவ எங்கட ஆள்தான்" என்றார். பிறகு உன்னுடைய பழைய அறையில் கட்டில் எத்தனை பேருக்குக் காணும் என்று அளக்கப் போய்விட்டார்.

ஆகவே, அப்பன், கேட்டதற்குப் பதில்: ஓம். மனம் நிறைந்த ஓம். கெல்சென்கிர்ச்சன் வீட்டாருக்கு நேற்றுச் சொல்லிவிட்டேன். கோபப்பட்டார்கள், பட வேண்டியதுதான். நீ அந்தப் பள்ளத்தாக்கிலேயே இரு. தூரம் என்று நான் அழுவேன், அது என் பாடு, அதைக் கண்டு நீ பயணச்சீட்டு எடுத்துக்கொண்டு ஓடி வராதே. ஒரே ஒரு நிபந்தனை. தாலி முதலில் இங்கே, அப்பாவின் கண் முன்னால் கட்ட வேண்டும். பிறகு அங்கே அவர்கள் முறைப்படி எப்படியும் செய்யுங்கள், நான் வந்து ஆடுவேன். பவுலாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா. மூன்று மாதத்துக்கு அவளுக்கு விசாவே தேவையில்லையாம், மரிசோல் சொன்னாள். அலுவலகத்தில் ரெர்மின் என்று ஒரு நேரமும் எடுக்காமல் ஜெர்மனிக்குள் நடந்து வருகிற சொந்தக்காரி எனக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறாள். விமான நிலையத்துக்கு நானே போவேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை ஒட்ட மாட்டேன். அந்த மரத்தின் கீழ் நின்று திரும்பிப் பார்த்தபோது வேனின் கண்ணாடிக்குள் உங்கள் இரண்டு பேரின் முகமும் தெரிந்தது. எங்களுக்கு என்ன வந்தது என்று விளங்காமல் வாயைத் திறந்துகொண்டு இருந்தீர்கள். எங்கள் கதை உனக்குத் தெரியவில்லையே என்று எத்தனையோ வருசம் மனம் நொந்திருக்கிறேன். அன்றைக்கு நோகவில்லை. சீருடை போட்டவன் கையை உயர்த்தி வாகனத்தை மறிக்கிறான், என் பிள்ளை இருக்கையில் சாய்ந்து, ஒரு கையில் பாதிச் சோளத்தோடு இருக்கிறான். இறங்க வேண்டும் என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை. பவுலாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இனி எங்கேயாவது வாகனத்தை மறித்தால், நீங்கள் இரண்டு பேரும் இருந்த இடத்திலேயே இருங்கள். இறங்குவதை நானும் சம்பந்தியும் பார்த்துக்கொள்கிறோம்.

அம்மா